இறங்கத் தெரியாமல் ஏறிய மலை

1

போன வாரம் வரிச்சிக்குடியிலிருந்து மலர் அக்கா கூப்பிட்டாள். குடும்ப வாட்ஸப் குழுவில் என் கணவர் ஒரு படத்தைப் போட்டிருந்தார். போன வருடம் இதே நாளில் எடுத்தது. ஒரு மலைப்பாதையின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 2642 மீட்டர் என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில், தலைக்கவசமும் சிவந்த மூக்குமாக நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பைகள் தொங்குகின்றன. சட்டென்று பார்த்தால் பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கும்.

“ஊர்ல எல்லாரும் கேக்குறாங்கடி” என்றாள் அக்கா. “ஒங்க வூட்டுக்காரருக்கு வேல போயிடுச்சான்னு சித்தப்பா கேக்குறாரு. அங்கல்லாம் பஸ் போவாதான்னு கேக்குறாங்க.”

“பஸ் போவும்க்கா.”

“அப்பறம் எதுக்கு இந்த வயசுல சைக்கிள மிதிச்சிக்கிட்டு அங்க போன?”

“கணவாய் ஏறப் போனேன்.”

“கணவாயா? அது மீன்ல்ல?”

அவள் கேட்டதில் தப்பில்லை. திருவேட்டக்குடியிலிருந்து கூடையில் வரும் கணவாயைத்தான் எங்களுக்குத் தெரியும். சுத்தம் செய்தால் கையெல்லாம் மையாகும். இரண்டு மலைகளுக்கு நடுவே சாலை ஏறி மறுபக்கம் இறங்குகிற இடத்துக்கும் அதே பெயர்தான் என்று ஆறாம் வகுப்புப் புவியியலில் படித்தோம். படித்ததோடு சரி. எங்கள் ஊரில் சாலை ஏறுகிற ஒரே இடம் ஆற்றுப் பாலம்தான்.

அந்தப் பயணத்தில் நடந்ததில் பாதி அக்காவுக்குத் தெரியும். சைக்கிளில் போனதை அவளிடம் நான் மறைத்திருந்தேன். வருடம் ஒன்று ஆகிவிட்டதால் ஊரில் உள்ளவர்களுக்காக முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

நான் பிரான்சுக்கு வந்து இருபத்தாறு வருடம். என் கணவர் அன்பு காரைக்கால்காரர்தான். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட வீடுகளை எங்கள் பக்கம் ‘சொல்தா வீடு’ என்பார்கள். அந்த வழியில் அவர்கள் குடும்பத்துக்கே இந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. கல்யாணமாகி நான் வந்து இறங்கிய ஊர் கிரெனோபிள். மூன்று பக்கமும் மலை. முதல் வருடம், வானம் பாதிதான் இருக்கிறது என்று அவரிடம் அழுதிருக்கிறேன். நான்கு திசையிலும் வயலும் வானமும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு அது கிணற்றுக்குள் குடித்தனம் நடத்துவது போலத்தான் இருந்தது.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் எட்டுப் பேரை எழுப்பி, குளிக்க வைத்து, உடை மாற்றி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டும். முட்டி வலி வந்தபோது மருத்துவர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். சைக்கிள் எனக்குப் புதிதில்லை. வரிச்சிக்குடியிலிருந்து காரைக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிள்தான். சாலை தாம்பாளம் மாதிரி இருக்கும். ஆனால் சாயங்காலம் கடல் காற்று கிளம்பிவிட்டால் நின்றுகொண்டு மிதித்தாலும் வண்டி நகராது.

இல்லத்தின் சமையலறையில் மோனிக் என்று ஒரு பெண்மணி இருந்தார். அறுபது வயது, கனத்த உடம்பு, ஊசி மாதிரி பேச்சு. வருடத்துக்கு ஒரு முறை பைகளைக் கட்டிக்கொண்டு நாலைந்து நாள் சைக்கிளில் மலைகளைக் கடந்துவிட்டு வருவார். ஒரு நாள் என்னிடம், “வசந்தி, வருகிற கோடையில் நீயும் என்னோடு நான்கு ‘கோல்’ ஏறு” என்றார். பிரெஞ்சில் மலைக் கணவாய்க்கும் சட்டைக் காலருக்கும் ‘கோல்’ என்றுதான் பெயர். இத்தனை வருடம் பெரியவர்களுக்குச் சட்டை மாட்டிவிட்டு, ‘கோல்’ சரியாக இருக்கிறதா என்று பார்த்தே பழகியவள் நான். நான்கு காலரில் எப்படி ஏறுவது என்று கேட்டுவிட்டேன். சமையலறை முழுக்கச் சிரித்தது.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். கயல்விழி எங்கள் ஒரே பிள்ளை. அப்போது இருபத்திரண்டு வயது. இதே ஊரில் மண்ணியல் படித்துக்கொண்டு, தோழிகளோடு தனி அறையில் தங்கியிருந்தாள். நண்பர்கள் அவளைக் ‘காயா’ என்று கூப்பிடுவார்கள். அவளுக்கே தன் பெயரில் இருக்கும் ‘ழி’யைச் சொல்ல வராது. ஆனால் சைக்கிள் என்றால் உயிர். “நீ ஏறுவியா? நெஜமாவா?” என்று இரண்டு முறை கேட்டாள். அடுத்த வாரம் தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து, என் உயரத்துக்கு இருக்கையை இறக்கி, பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டித் தந்தாள். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் வரைபடத்தை ஒட்டிப் பென்சிலால் வழி போட்டாள். ஐந்து நாள், நான்கு கணவாய். “நானும் வர்றேன். நீ முன்னாடி, நான் பின்னாடி” என்றாள்.

பல வருடங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யத் திட்டமிட்ட ஒரே காரியம் அது. அதை நானே கெடுத்தேன்.

3

என் வேலையைப் பற்றிச் சொன்னேன். அந்த இல்லத்தில் மகன் வருவான் என்று வாசலைப் பார்த்த நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் கெட்டவர்களில்லை. தூரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். கயல் வாரத்துக்கு ஒரு முறை வந்தது மாதத்துக்கு ஒரு முறையானதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் செய்துவிட்டால் அவளை ஒரு கயிற்றில் கட்டி வைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இப்படி எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாக இருக்கிறது. அன்று அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

அக்காவிடம் சொன்னேன். அக்கா நெடுங்காட்டில் ஒரு நல்ல குடும்பத்தைப் பார்த்தாள். பையனுக்குப் பெங்களூரில் வேலை. கயலிடம் கேட்காமல் அவள் படத்தையும் ஜாதகத்தையும் அனுப்பினேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பையன் வீட்டுப் பெண்கள் வீடியோவில் கூப்பிட்டார்கள். கயல் சைக்கிள் ஓட்டிவிட்டு அரைக்கால்சட்டையோடு உள்ளே வந்தாள். கணினித் திரையில் மூன்று பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வணக்கம்” என்றாள், யாரோ உறவுக்காரர்கள் என்று நினைத்து.

“பொண்ணு நல்ல ஒசரம்” என்றார் ஒருவர். பையனின் அம்மா என்னைப் பார்த்து, “கொஞ்சம் முடிய அவுத்துவிடச் சொல்லுங்களேன். நீளம் பாத்துக்குறோம்” என்றார்.

கயலுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. என்னைப் பார்த்தாள். மாடிக்குப் போனாள். பையோடு இறங்கி வந்தபோது திரை அணைந்திருந்தது. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவருகே நின்று, “என்கிட்ட கேக்கவே இல்ல நீ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கலிபியே என்கிற பெரிய கணவாய்க்கு அந்தப் பக்கம், இறக்கத்தில் உள்ள ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்ததாக அவள் அப்பாவுக்குச் செய்தி வந்தது. என் அழைப்புகளை எடுக்கவில்லை.

விடுதியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அம்மா பேசுகிறேன் என்றேன். பெயர் கேட்டாள். இங்கேதான் என் பழைய வம்பு குறுக்கே வந்தது. கல்யாணத்துக்கு முன் நான் ‘கோ. வசந்தி’. அந்தக் ‘கோ’ என் அப்பா கோவிந்தசாமி. இங்கே முதல் நாள் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, அப்பா பெயரைத் தூக்கி அதில் போட்டார். அன்றிலிருந்து நான் ‘மதாம் கோவிந்தசாமி’. மருத்துவமனையில் அப்படிக் கூப்பிடும்போது அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று இன்றைக்கும் ஒரு கணம் தோன்றும். கயலுக்கு அவள் அப்பா வழிப் பெயர். மூன்று பேர் குடும்பத்தில் நான் மட்டும் வேறு பெயர்.

“மன்னிக்கவும் மதாம். எங்கள் பணியாளரின் பெயரோடு உங்கள் பெயர் பொருந்தவில்லை. விவரம் எதுவும் தர இயலாது” என்று அந்தப் பெண் மரியாதையாக வைத்துவிட்டாள்.

அன்பு காரில் கூட்டிப் போகிறேன் என்றார். வீட்டுக்கு வந்திருந்த மோனிக்தான் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். “உன் மகள் போட்ட வழி அவள் விடுதி வாசல் வழியாகத்தான் போகிறது. காரில் போனால் நீ சமாதானம் பேச வந்தவள். சைக்கிளில் போனால் அவளோடு போட்ட திட்டத்தை நிறைவேற்ற வந்தவள். இரண்டும் வேறு வேறு.”

ஜூலையில் கிளம்பினோம்.

4

முதல் நாள் ஆற்றோரம் ஐம்பது கிலோமீட்டர். அது பழகிய தூரம். இரண்டாம் நாள் சுரங்கப்பாதைகள். உள்ளே இருட்டு, பின்னால் லாரி வரும் சத்தம் நாலு மடங்காகக் கேட்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரை ஒட்டி மிதித்தேன். அன்று ஒரு பனிமலைக்கு நேர் எதிரே உள்ள சிற்றூரில் தங்கினோம். மூன்றாம் நாள்தான் உண்மையான ஏற்றம்.

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேகம் என்ற ஒன்றை மறந்துவிட வேண்டும். மணிக்கு ஆறு கிலோமீட்டர். வேகமாக நடக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த கல் வரைக்கும் ஏற்றம் எவ்வளவு சதவீதம் என்று அதில் எழுதியிருக்கும். ஐந்து என்றால் பரவாயில்லை. எட்டு என்றால் கல்லைப் பார்க்காதது போல மிதிப்பேன். “பேசிக்கொண்டே மிதி. பேச முடியவில்லையென்றால் வேகத்தைக் குறை” என்றார் மோனிக். மூச்சு வாங்கும்போது எனக்குப் பிரெஞ்சு வருவதில்லை. அதனால் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் மாதிரி, காரைக்கால், கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி, பூவம், பொறையார் என்று நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பொறையார் போய்த் திரும்பி, மறுபடி காரைக்கால். அப்படி எத்தனை நடை போனேன் என்று தெரியாது.

லொத்தாரே என்ற முதல் கணவாயை அப்படித்தான் தாண்டினேன். அங்கே இடதுபக்கம் திரும்பினால் கலிபியே, இன்னும் எட்டரை கிலோமீட்டர். மரங்கள் நின்றுவிட்டன. புல்லும் கல்லும், ஜூலையிலும் கரையாத பனித் திட்டுகளும்தான். கடந்து போகிற ஒவ்வொருவரும் “தைரியம்” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். இங்கே அதுதான் வழக்கம். எங்கள் ஊரிலானால் “பாத்துப் போம்மா” என்றிருப்பார்கள்.

கடைசி ஒரு கிலோமீட்டரில் இரண்டு முறை இறங்கி நின்றேன். முட்டி வலி போய்விட்டிருந்தது. தொடைகள்தான் என்னுடையவை போல இல்லை. மோனிக் மேலே நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். உச்சியில் பலகைக்குப் பக்கத்தில் படம் எடுத்தார். அதுதான் ஊரில் எல்லோரும் பார்த்த படம். அதில் நான் சிரித்திருக்கிறேன். கீழே எட்டு கிலோமீட்டரில் மகள் இருக்கிறாள், அவளிடம் என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தும் ஒரு வார்த்தை கூடக் கிடைக்கவில்லை என்பது படத்தில் தெரியாது.

5

ஏறுவதைப் பற்றி எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இறக்கம் பழகிவிடுகிறார்கள். நானோ என் வாழ்நாளில் சைக்கிளில் இறங்கிய பெரிய இறக்கம் அரசலாற்றுப் பாலத்துடையது.

மேற்கே வானம் கறுத்திருந்தது. “மெதுவாக வா, விடுதியில் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு மோனிக் கல் உருண்டது போலக் கீழே போனார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. சாலையோரம் தடுப்புச் சுவர் கூட இல்லை. பைகளின் கனம் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருந்தது. பிரேக்கை விடாமல் அழுத்தியதில் அது கிறீச்சிட்டது. மூன்றாவது வளைவில் ஆலங்கட்டி மழை பிடித்தது. கை விரல்கள் மரத்து, பிரேக் மேல் இருப்பது விரலா கம்பியா என்றே தெரியவில்லை. சாலையின் நடுவுக்குப் போய்விட்டேன். எதிரே வந்த கார் ஒலி எழுப்பிக்கொண்டு ஒதுங்கியது. எப்படியோ கால்களை ஊன்றி நிறுத்தி இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு ஏற மனசு வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு வயதான தம்பதி காரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். சைக்கிளை வைக்க இடமில்லை. கயலுடைய சைக்கிளை மலையில் விட்டுவிட்டு அவள் முன்னால் போய் நிற்க முடியாது. வேண்டாம் என்றேன். ஆலங்கட்டி நின்று மழையானது. ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். பல் கிட்டித்துக்கொண்டது.

கீழேயிருந்து ஒரு சைக்கிள் ஏறி வருவது தெரிந்தது. வளைவில் மறைந்து மறுபடி தெரிந்தது. நின்றுகொண்டு மிதிக்கும் விதத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. விடுதியின் நீல ஏப்ரனைக் கழற்றக்கூட இல்லை.

பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்க என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மோனிக் வந்து ஒரு மணி நேரமாச்சு. நீ நடந்தா வர்ற?”

“எறங்கத் தெரியல” என்றேன்.

ஏப்ரன் பையிலிருந்து பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறைகளை எடுத்தாள். “இதுல தண்ணி போவாது” என்று சொல்லி, என் நனைந்த கையுறைகளை உருவிப் போட்டுவிட்டு, குழந்தைக்கு மாட்டுவது போல ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டாள். நான் தினமும் பெரியவர்களுக்குச் செய்கிற வேலை அது. எனக்கு யாரும் செய்ததில்லை.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா கோபத்தில் அடித்துவிட்டால் அன்று சாயங்காலம் காரைக்காலிலிருந்து பக்கோடா பொட்டலம் வரும். அதைத் தின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வார்த்தையை நான் இங்கே பிரெஞ்சில் ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொல்கிறேன், யார் மேலாவது இடித்துவிட்டால். தமிழில் சொல்லி வாய்க்குப் பழக்கமில்லை.

“மன்னிச்சிரு கயலு” என்றேன். மழையில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை சொன்னேன்.

அவள் என் சைக்கிளின் பிரேக்கைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். “நீ படம் அனுப்புன, ஜாதகம் அனுப்புன, அது எனக்குக் கோவம்தான். ஆனா அது இல்ல. நான் தெரியல எப்படி சொல்றதுன்னு.” பிரேக் கம்பியை இழுத்துப் பார்த்தாள். “அந்த அம்மா என் முடிய அவுக்கச் சொன்னாங்கல்ல. அப்ப நான் ஒன்னப் பாத்தேன். நீ சிரிச்ச.”

இரண்டு மாதமாக எதை எதையோ நினைத்து வருந்தியிருக்கிறேன். இதை நினைக்கவே இல்லை. ஆனால் அவள் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தேன்தான்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு இருபத்துமூணு வயசு. ஒங்கப்பாவோட அத்த, சவுரியா நெஜ முடியான்னு பாக்கணும்னு எம்பின்னலப் புடிச்சு இழுத்துப் பாத்தாங்க. எல்லாரும் சுத்தி ஒக்காந்திருந்தாங்க. அப்பவும் நான் சிரிச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல கயலு. அன்னிக்கிப் பழகுன சிரிப்புதான்.”

நிமிர்ந்து பார்த்தாள். “நீ எனக்கு இத சொன்னதே இல்ல.”

“யாருகிட்டயும் சொன்னதில்ல.”

“அப்பாவுக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

மழை விட்டிருந்தது. எங்கோ பாறைகளுக்குள்ளிருந்து ஏதோ பிராணி விசிலடித்தது. கயல் மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, “ஏறு” என்றாள். “ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிக்கணும். புடிச்சிட்டே இருக்கக் கூடாது. புடி, வுடு, புடி, வுடு. கீழ பாக்காத, வளைவு முடியிற எடத்தப் பாரு. நான் பின்னாடி வர்றேன்.”

விடுதி வரை நாலு கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. பின்னாலிருந்து “வுடு, வுடு” என்ற குரல் வந்துகொண்டே இருந்தது.

6

விடுதியில் மோனிக் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டித் தீர்த்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. தொலைபேசியில் என்னோடு பேசிய பெண்தான் அந்த விடுதியை நடத்துகிறவள் என்று தெரிந்தது. “இவர் என் அம்மா” என்று கயல் சொன்னதும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. பெயர் வேறாக இருந்ததால் என்று ஆரம்பித்தாள். இருபத்தைந்து வருடமாக எல்லா அலுவலகங்களிலும் இதே கதைதான், நீங்கள் செய்தது சரியே என்றேன். உண்மையில் அவள் என் மகளைப் பாதுகாத்திருந்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கயலுக்கு வேலை இருந்தது. மற்ற மேசைகளோடு என் மேசைக்கும் அவள்தான் பரிமாறினாள். கையில் நாலு தட்டை ஒரே நேரத்தில் எடுத்து வந்ததையும், பெரிய குரலில் பேசிய ஒரு ஆளை ஒரே வாக்கியத்தில் அடக்கியதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தாள். “நான் இப்ப படிக்கப் போவல. குளிர்காலமும் இங்கதான். அடுத்த வருஷம் பாக்கலாம்.” என் முகத்தையே பார்த்தாள். படிப்பை விடாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். “அப்பாகிட்ட நீயே சொல்லு” என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது மலர் அக்கா கூப்பிட்டாள். ஊரில் அப்போது மத்தியானம் ஆகிக்கொண்டிருந்திருக்கும். நெடுங்காட்டுக்காரர்கள் பதில் கேட்டு நெருக்குகிறார்கள், இரண்டு மாதமாக என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள். பொண்ணு பரீட்சை எழுதுகிறாள் என்று நான்தான் அவளிடம் பொய் சொல்லி வைத்திருந்தேன். கயல் கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன்.

“பெரியம்மா, நான் கயல்.” ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினாள். “எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். நீங்க எனக்காகத் தேடுனீங்க, அதுக்கு நன்றி. ஆனா அந்த அம்மா என் முடிய அவுக்கச் சொன்னாங்க. அது சரியில்ல.”

அக்கா எங்கள் வீட்டிலேயே பெரியவள். எதிர்த்துப் பேசினால் பொறுக்க மாட்டாள்.

“யாரு, மாப்ள ஆத்தாளா?” என்று அக்காவின் குரல் உயர்ந்தது. “எப்படி? கம்ப்யூட்டர்லயா? ஒங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. என்னாத்துக்கு முடிய அவுக்கணுமாம்? அவ மவனுக்கு முன்னாடி வழுக்க விழுந்திருக்கு, அத நாங்க கேட்டமா?”

கயலுக்கு வழுக்கை என்ற சொல் தெரியவில்லை. நான் என் நெற்றியைத் தடவிக் காட்டினேன். அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீ கவலப்படாத தங்கம். நான் பேசிக்கிறேன்” என்றாள் அக்கா. “ஒங்கம்மாகிட்ட குடு அந்த போன.” அதன் பிறகு எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம்.

7

மீதி இரண்டு நாள் பயணத்தை மோனிக் தனியாகப் போவது என்றும், நான் பள்ளத்தாக்கில் இறங்கி ரயில் ஏறுவது என்றும் முடிவாயிற்று. தொடைகள் கெஞ்சிவிட்டன. கயல் காலை வேலையை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டு ரயில் நிலையம் வரை கூட வந்தாள். வழியில் மூன்றாவது கணவாய், சின்னது. அதன் பெயர் தெலெகிராஃப், அதாவது தந்தி. ஒரு காலத்தில் மலைக்கு மலை தந்திச் சைகை அனுப்பும் கோபுரம் அங்கே இருந்ததாம். எங்கள் ஊரில் தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொன்னேன். “ஏன்?” என்றாள். சாவுக்குத்தான் தந்தி வரும் என்றேன். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வரிச்சிக்குடியில் நான் எந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டினேன், அப்போது முடி எவ்வளவு நீளம், பின்னலை இழுத்த அத்தை இப்போது எங்கே. அத்தை செத்துப் பல வருடம் ஆகிறது என்றேன். “நல்லதுன்னு சொல்லக் கூடாதில்ல?” என்றாள். கூடாது என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கம். காடு, நிழல், காய்ந்த சாலை. இடையில் மூன்று முறை நின்று கைகளை உதறிக்கொண்டேன். நடக்கவில்லை.

ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. சாயங்கால வேலைக்கு அவள் திரும்பியாக வேண்டும். இறங்கிய தூரம் அத்தனையும் ஏற வேண்டும், அதற்கு மேலும். கன்னத்தில் முத்தமிட்டாள், இந்த ஊர் வழக்கப்படி இரண்டு பக்கமும். செப்டம்பரில் இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது, வரப் பார்க்கிறேன் என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரப் பார்க்கிறேன். நான் அதைத் திருத்தவில்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினாள். நடைமேடையின் கோடியில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே சாலை துண்டு துண்டாகத் தெரிந்தது.

நான் ஊரை விட்டு வந்த நாளில் எங்கள் வீட்டார் சாலையில் நின்று நான் ஏறிய காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டையான ஊரில் போகிறவர்கள் நேர்கோட்டில் போவார்கள். முதுகுதான் தெரியும், அது சின்னதாகிக்கொண்டே போய் ஒரு புள்ளியாகி மறையும். திரும்பிப் பார்த்தால்தான் முகம். நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

கயலும் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. தலையைக் குனிந்து, நின்றுகொண்டு மிதித்துப் போனாள். முதல் வளைவில் சாலை அவளை அப்படியே திருப்பியது. முகம் நிலையத்தைப் பார்த்து வந்தது. அடுத்த வளைவில் முதுகு. அதற்கடுத்த வளைவில் மறுபடி முகம், முன்பைவிட உயரத்தில், முன்பைவிடச் சின்னதாக. இந்தப் பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பாதையே திருப்பிக் காட்டிவிடுகிறது.

ரயில் வந்து நின்றது. சைக்கிளை ஏற்ற ஒரு ஆள் கை கொடுத்தார். ஒரு நிமிடம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஐந்தாவது வளைவு வரைக்கும் எண்ணிவிட்டு ஏறினேன்.